மெட்டல் டிடெக்டர்: புதையலுக்கா, பண்ணை வேலைக்கா?

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு மெட்டல் டிடெக்டர் என்றால், திருவிழாக் கூட்டத்திலும் ரயில் நிலையத்திலும் போலீசார் கையில் இருக்கும் கருவி என்றுதான் கிராமத்து மக்களுக்குத் தெரியும். இன்று நிலைமை வேறு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, உழுத வயலில் கருவியை இடமும் வலமும் வீசி நடக்கிறார். கருவி கத்திய இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பழங்காசு எடுக்கிறார். பர்கூர், ஊத்தங்கரை, ஓசூர் பக்கத்துக் கிராமங்களில் இளைஞர்களின் கைப்பேசியில் இந்தக் காணொளிகள் ஓடுகின்றன. அடுத்த மாடல் எப்போது வரும், எது அதிக ஆழம் பார்க்கும், எது தங்கத்தையும் இரும்பையும் பிரித்துச் சொல்லும் என்ற பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது.

இந்தக் கருவிகளின் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டிப் போகிறது. ஒரு நல்ல கறவை மாட்டின் விலையைக் கொடுத்து வாங்குவதற்கு முன்பு, கருவியால் என்ன முடியும், என்ன முடியாது, கொல்லையில் ஏதாவது கிடைத்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. புதையல் ஆசையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்தக் கருவிக்குப் பண்ணையில் உருப்படியான வேலைகளும் இருக்கின்றன.

கருவி வேலை செய்யும் விதம்

கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறி மாறி ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் சிறிய சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதைச் சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. இதில் மந்திரம் ஏதும் இல்லை.

தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே இப்படி ஒரு கருவியைச் செய்தார். சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேடவே அதைச் செய்தார். குண்டு கிடைக்கவில்லை. படுக்கையில் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். இன்றுவரை எல்லா மாடல்களுக்கும் உள்ள பலவீனம் இதுதான். சுற்றிலும் இரும்பு இருந்தால் கருவி தடுமாறும்.

1930-களில் கெர்ஹார்ட் ஃபிஷர் அமெரிக்காவில் கையில் எடுத்துச் செல்லும் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரின்போது 1941-ல் போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி கண்ணிவெடி தேடும் கருவியை வடிவமைத்தார். போர் முடிந்த பிறகு இந்தக் கருவிகள் மெல்ல மெல்லப் பொழுதுபோக்காளர்கள் கைக்கு வந்தன.

புதிய மாடல்களில் எது புதிது?

ஆஸ்திரேலியாவின் மைன்லேப், பிரான்சின் எக்ஸ்பி, துருக்கியின் நோக்டா, அமெரிக்காவின் கேரட் ஆகிய நிறுவனங்கள் இத்துறையில் பெயர் பெற்றவை. மைன்லேப் நிறுவனம் 2017-ல் அறிவித்த ஈக்வினாக்ஸ் மாடல் 2018-ல்தான் கடைக்கு வந்தது. அதுவரை வெளிநாட்டு ஆர்வலர்கள் மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். அதன்பின் எக்ஸ்பி நிறுவனத்தின் டியூஸ்-2, நோக்டாவின் லெஜண்ட், மைன்லேப்பின் மான்டிகோர் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் பழைய கருவியையும் புதிய கருவியையும் ஒரே வயலில் ஓட்டி ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. ஒரே அதிர்வெண்ணில் இயங்குபவை: விலை குறைவு. சாதாரண மண்ணில் நன்றாக வேலை செய்யும். குறைந்த அதிர்வெண் பெரிய பொருளுக்கும் ஆழத்துக்கும் ஏற்றது. அதிக அதிர்வெண் சிறு பொருளுக்கு ஏற்றது.

2. பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்குபவை: மேலே சொன்ன புதிய மாடல்கள் இந்த வகை. குப்பை இரும்புக்கு நடுவே கிடக்கும் காசைப் பிரித்துக் காட்டுவதில் இவை சிறந்தவை.

3. துடிப்பு முறையில் இயங்குபவை: இரும்புத்தாது கலந்த மண்ணைப் பொருட்படுத்தாமல் ஆழம் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் தங்கக் கட்டி தேடுபவர்கள் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இரும்பா, வேறு உலோகமா என்று பிரித்துச் சொல்வதில் பின்தங்கியவை. விலையும் அதிகம்.

ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு

விளம்பரங்களில் 10 அடி, 20 அடி என்று போடுவார்கள். நம்ப வேண்டாம். சுமார் 11 அங்குலச் சுருள் உள்ள ஒரு நல்ல கருவி, ஒற்றைக் காசை ஓர் அடி ஆழத்தில் காட்டினால் அதுவே பெரிய காரியம். சுருளின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில் ஒரு சிறு பொருள் இருந்தால், ஆழம் இருமடங்கு ஆகும்போது திரும்பி வரும் சிக்னல் ஏறத்தாழ 64-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இது இயற்கையின் கணக்கு. எந்த நிறுவனமும் புதிய மாடல் போட்டு இதை மாற்ற முடியாது. ஆண்டுதோறும் வரும் முன்னேற்றம் பெரும்பாலும் உலோகத்தைப் பிரித்தறிவதிலும், எடை குறைப்பதிலும், நீர் புகாமல் காப்பதிலும்தான். ஆழத்தில் அங்குலக் கணக்கில்தான் வித்தியாசம் இருக்கும்.

பெரிய சுருள் போட்டால் கொஞ்சம் அதிக ஆழம் கிடைக்கும். ஆனால் சிறு பொருள்கள் தப்பிவிடும். அண்டா, குடம் போன்ற பெரிய பொருளாக இருந்தால் காசைவிட அதிக ஆழத்தில் தெரியும்.

தங்கத்தை மட்டும் காட்டும் கருவி என்று ஒன்று கிடையாது. கருவி காட்டும் எண், பொருளின் மின்கடத்தும் தன்மையையும் அளவையும் வடிவத்தையும் பொறுத்தது. சிறிய தங்க மோதிரத்துக்கு வரும் எண்தான் கசங்கிய அலுமினியத் தாளுக்கும் வரும். சாலையோரக் கொல்லைகளில் மதுப்புட்டி மூடிகள் எத்தனை கிடக்கின்றன என்று நம் விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. தங்கம் தேடுபவர் அத்தனையையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

நம் மண் வேறு

இங்கிலாந்து வயலில் எடுத்த காணொளியை வைத்துக் கிருஷ்ணகிரி மண்ணுக்குக் கருவி வாங்குவது, அந்த ஊர் விதைப் பரிந்துரையை வைத்து இங்கே கேழ்வரகு விதைப்பது போலத்தான். நம் பகுதியில் செம்மண் அதிகம். அதன் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடால் வருவது. இதோடு, ஏற்றுமதியாகும் நம் பகுதிக் கறுப்பு கிரானைட் பெரும்பாலும் டோலரைட் என்னும் பாறை. அதிலும் இரும்புத் தாதுக்கள் இருக்கின்றன. அந்தப் பாறையின் உடைந்த துண்டுகள் கொல்லையில் கிடந்தால், உலோகமே இல்லாத இடத்திலும் கருவி கத்தும்.

அதனால் மண்ணுக்கு ஏற்பச் சமன்செய்யும் வசதி இல்லாத மலிவுக் கருவி நம் பகுதிக்கு உதவாது. வாங்குபவர்கள் கடையில் மேசை மீது காசை வைத்துக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காற்றில் தெரியும் தூரம் மண்ணில் தெரியாது. தங்கள் கொல்லையிலேயே ஒரு 5 ரூபாய் காசை 10, 20, 30 சென்டிமீட்டர் ஆழங்களில் புதைத்து, மண்ணை மிதித்து இறுக்கி, இயக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கருங்கல் துண்டின் மேலும் வீசிப் பார்க்க வேண்டும். ஆணி ஒன்றைக் காசுக்கு ஒரு சாண் தள்ளிப் புதைத்து, இரண்டையும் பிரித்துச் சொல்கிறதா என்று சோதிக்க வேண்டும். இந்த மூன்று சோதனைக்கும் ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

கல் குவாரிகளுக்குப் பக்கத்து நிலங்களில் இன்னொரு கவனமும் தேவை. வெடிக்காமல் போன டெட்டனேட்டர்கள் கழிவுக் கல்லோடு வந்து கிடக்க வாய்ப்பு உண்டு. அவற்றின் உறை அலுமினியம் அல்லது செம்பு. கருவி அதைக் காசு என்றே காட்டும். விரல் நீளத்தில் கம்பி இணைந்த குழாய் போல எது தெரிந்தாலும் தொடக் கூடாது, தட்டக் கூடாது. குழந்தைகளை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும்.

போலிகளிடம் ஏமாற வேண்டாம்

கைப்பிடியில் ஓர் ஆன்டெனா, அது தானே திரும்பிப் புதையல் இருக்கும் திசையைக் காட்டும், அரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்தே தங்கம் தெரியும் என்று சொல்லி விற்கப்படும் கருவிகள் அனைத்தும் ஏமாற்று. உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஏடிஇ-651 என்ற பெயரில் ஓர் ஆங்கிலேய வியாபாரி வெடிகுண்டு காட்டும் கருவி என்று சொல்லி ஈராக் அரசுக்குப் பல கோடி டாலருக்கு விற்றார். உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவுமே இல்லை. கோல்ஃப் பந்து தேட விற்கப்பட்ட ஒரு விளையாட்டுச் சாமானில் இருந்து பிறந்த சரக்கு அது. அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களின் உயிர் போனது. 2013-ல் அந்த வியாபாரிக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஓர் அரசாங்கமே ஏமாந்தது என்றால், சிறு விவசாயி இன்னும் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

ரைஸ் புல்லிங் செம்பு, இரிடியம் கலசம், நிலத்தில் புதையல் இருக்கிறது பூஜை செய்து எடுக்கலாம் என்று வருபவர்களும் இதே வகைதான். இப்போது அவர்கள் நம்பிக்கை ஊட்டுவதற்காகக் கையில் ஒரு டிடெக்டரையும் கொண்டு வருகிறார்கள். முதல்நாள் இரவு தாங்களே புதைத்த செம்பை மறுநாள் கருவி வைத்துக் காட்டுவது பழைய தந்திரம். முன்பணம் கேட்டாலே விலகிவிட வேண்டும்.

நம் மண்ணில் கிடைத்த உண்மையான புதையல்

பர்கூர் வட்டம் தொகரப்பள்ளி அருகே உள்ளது மயிலாடும்பாறை. பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் நிறைந்த இடம். 2003-ல் பேராசிரியர் கா.இராஜன் குழுவினர் இங்கு அகழாய்வு செய்தனர். பிறகு 2021-ல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. இரும்பு கிடைத்த மண் அடுக்கில் இருந்து எடுத்த மாதிரிகளை ஆய்வகத்தில் காலக்கணிப்பு செய்தபோது கி.மு. 2172 என்ற காலம் தெரியவந்தது. அதாவது சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இரும்பு இருந்தது. 2022 மே மாதம் முதலமைச்சர் இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். பிறகு தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இதைவிடப் பழமையான காலம் கிடைத்தது. 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ நூலில் அந்த விவரம் உள்ளது. ஆனாலும் தமிழ்நாட்டு இரும்பின் வரலாற்றைப் பின்னோக்கித் தள்ளிய முதல் பெரிய அடி பர்கூர் வட்டத்தில்தான் விழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. துருப்பிடித்த அந்த இரும்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் ஒரு டீக்குக்கூடக் காசு தேறாது. டிடெக்டர் பிடித்த ஒருவர் கையில் சிக்கியிருந்தால், ‘குப்பை இரும்பு’ என்று தூக்கி எறிந்திருப்பார். காசுக்காரர்கள் பலர் கருவியில் இரும்பு ஒலியை அடைத்து வைத்துவிட்டுத்தான் நடக்கிறார்கள். அந்த இரும்புக்கு மதிப்புத் தந்தது, அது கிடந்த மண் அடுக்கு. மண்ணைக் கலைத்துப் பொருளை மட்டும் பிடுங்கினால் காலம் சொல்லும் சாட்சி அழிந்துவிடும்.

இங்கிலாந்தில் 1992 நவம்பரில் ஹாக்ஸ்னி என்ற ஊரில் நடந்ததும் இதையே சொல்கிறது. அங்கே ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். டிடெக்டர் வைத்திருந்த நண்பரைத் தேடச் சொன்னார். நண்பரின் கருவி காட்டிய இடத்தில் ரோமானியர் காலப் பொற்காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் வந்தன. அவர் அதற்குமேல் தோண்டாமல் அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். தொல்லியலாளர்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். ஏறத்தாழ 15,000 காசுகளும் தங்க நகைகளும் கிடைத்தன. மரப்பெட்டி மக்கிப்போன தடத்தில் இருந்து, எந்தப் பொருள் எப்படி அடுக்கி வைக்கப்பட்டது என்றுகூடச் சொல்ல முடிந்தது. நண்பருக்குக் கிடைத்த 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு வெகுமதியை அவர் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று குறிப்பிட வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை தர வேண்டும்.

ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்கள் வர 4 மாதத்துக்குக் குறையாத அவகாசம் தருவார். உரிமையாளர் யாரும் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், 4-ல் 3 பங்கு கண்டெடுத்தவருக்கும் 1 பங்கு நில உரிமையாளருக்கும் போகும். அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால், அதன் உலோக மதிப்போடு 5-ல் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துத் தரும். மறைத்தால் பங்கு முழுவதும் போவதோடு, ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். மறைக்க உடந்தையாக இருக்கும் நில உரிமையாளருக்கும் தண்டனை உண்டு.

பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது தனிக் குற்றம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, காசு போன்றவற்றை வெளிநாட்டுக்குக் கடத்துவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே ‘கிடைத்தால் சத்தமில்லாமல் விற்றுவிடலாம்’ என்று ஆசை காட்டுபவர் பேச்சைக் கேட்டால், சிறைக்குப் போவது நிலத்துக்காரர்தான்.

பண்ணையில் உருப்படியான பயன்கள்

கறவை மாட்டுத் தீவனம்: மாடு நாக்கால் சுருட்டி விழுங்கும் விலங்கு. ஆட்டைப் போலப் பொறுக்கித் தின்னாது. வேலிக் கம்பி, ஆணி, லேத் பட்டறைச் சுருள் எது தீவனத்தோடு வந்தாலும் உள்ளே போய்விடும். தொழிற்பேட்டைகள் பெருகிய ஓசூர் பகுதியில் இது கவனிக்க வேண்டிய விஷயம். விழுங்கிய கம்பி, தேன்கூடு போன்ற உட்புறம் கொண்ட இரண்டாம் இரைப்பையில் தங்கும். அந்த இரைப்பைக்கு முன்னால் உதரவிதானம், அதற்கு அப்பால் இதயம். சினைமாட்டில் கன்று வளர்ந்து அழுத்தும்போதோ, கன்று ஈனும்போதோ கம்பி முன்னோக்கிக் குத்தி இதயம் வரை போகலாம்.

திடீரென்று பால் குறைவது, தீனி எடுக்காமை, முதுகை வளைத்து நிற்பது, முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கம் விரித்து நிற்பது, சரிவில் இறங்கத் தயங்குவது, படுக்கும்போது முனகுவது ஆகியவை அறிகுறிகள். முற்றிய நிலையில் தாடையிலும் மார்பிலும் நீர் கோத்து வீங்கும். அறிகுறி தெரிந்த உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

டிடெக்டரை மாட்டின் வயிற்றருகே பிடித்தால் உள்ளே உலோகம் இருப்பது தெரியும். ஆனால் நோயில்லாத மாட்டிலும் ஆணி இருக்கலாம். குத்துகிறதா, இல்லையா என்று கருவி சொல்லாது. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வருமுன் காக்க, மருத்துவர் யோசனைப்படி வாய்வழியாக ஒரு காந்தம் கொடுக்கலாம். அது இரைப்பையிலேயே தங்கி இரும்புத் துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பையும் அலுமினியத்தையும் காந்தம் பிடிக்காது.

தட்டு வெட்டும் இயந்திரம்: சோளத்தட்டைக் கட்டிய கம்பி உள்ளே போனால் கத்தி உடையும், துண்டு தீவனத்தில் கலக்கும். வெட்டுவதற்கு முன் கட்டின் மேல் கருவியை ஒருமுறை வீசினால் போதும். இதற்கு விலை குறைந்த சிறு கருவியே தாராளம். கருவி இல்லாதவர்கள் நறுக்கிய தீவனம் விழும் இடத்தில் ஒரு வலுவான காந்தத்தைக் கட்டலாம்.

புதைந்த பொருள்கள்: மண் மூடிய இரும்புக் குழாய், வால்வு, அளவைக் கல்லோடு ஊன்றிய இரும்பு முளை, உழும்போது கழன்று விழுந்த கலப்பைக் கொழு, டிராக்டர் போல்ட் ஆகியவற்றைத் தேடலாம். இதற்காக ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டால், சில விவசாயிகளுக்கு ஒன்று போதும்.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

பிவிசி குழாய் போன வழியைக் கருவி காட்டுமா?

காட்டாது. பிளாஸ்டிக் உலோகம் அல்ல. புதிதாகக் குழாய் புதைப்பவர்கள் அதன் மேலேயே ஒரு கம்பியையும் நீளத்துக்குப் போட்டுப் புதைத்தால், பின்னாளில் கருவி வைத்து வழி கண்டுபிடிக்கலாம்.

போர் போடத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டுமா?

காட்டாது. அதற்கு மண்ணின் மின்தடையை அளக்கும் வேறு கருவி இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அந்த ஆய்வைக் கட்டணத்துக்குச் செய்து தருகிறது. உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

கொல்லையை உழும்போது பானையோ காசோ தென்பட்டால் முதலில் என்ன செய்வது?

உழவை அந்த இடத்தோடு நிறுத்துங்கள். மேலே தோண்ட வேண்டாம். காசைப் புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்க்க வேண்டாம். பழங்காசின் மேலுள்ள எழுத்து தேய்ந்துவிடும். கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் அன்றே சொல்லி, ஆட்சியருக்கு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். நடுகல், கல்வட்டம், பழைய இரும்பு எதுவானாலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் தெரிவிக்கலாம்.

அடுத்த மாடல் வரும் வரை காத்திருந்து வாங்கலாமா?

பண்ணை வேலைக்குத்தான் என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆணியையும் குழாயையும் ஐந்து வருடப் பழைய மாடலே நன்றாகக் காட்டும். புதையலுக்காக என்றால், எந்த மாடலுக்காகவும் கடன் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் தொழுவத்துக்கு ஒரு காந்தமும், மாட்டுக்குக் காப்பீடும் வாங்கினால் போட்ட காசுக்குப் பலன் உண்டு.